போஸ்டிங் வார்டில் சிஸ்டர்கள் ஏன் இவ்வளவு கடுகடுப்பாக இருக்கிறார்கள்?

வெண்பனி எழுதியது:

பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு போஸ்டிங், அதாவது நேரடிப் பயிற்சி. வேலையில் இருக்கும் அக்காக்களும் அண்ணன்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால் மனதில் கிடப்பதைக் கேட்டுவிடுகிறேன். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை.

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் "குட் மார்னிங் சிஸ்டர்" என்கிறோம். பாதி நாள் பதில் வராது. பி.பி. கருவி எங்கே என்று கேட்டால், "தேடிப் பாரு, கண்ணு இருக்குல்ல?" என்று வரும். வகுப்பில், நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், செய்யப்போவதை முதலில் விளக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. "பதினாலாம் பெட் சுகர்", "தரையில இருக்கிற லிவர்" என்றுதான் பேச்சு.

அதே சிஸ்டர், மூன்று பேர் குத்தியும் நரம்பு கிடைக்காத ஒரு பாட்டிக்கு ஒரே முறையில் டிரிப் ஏற்ற லைன் போட்டதையும் பார்த்தேன். டாக்டர் எழுதிய டோஸில் சந்தேகம் வந்து, ரவுண்ட்ஸ் முடியும்வரை காத்திருந்து தனியாகக் கேட்டுத் திருத்தினார். வேலையில் அவரைப் போல வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் அவரிடம் போய்ப் பேசவே பயமாக இருக்கிறது.

இது வேலைப் பளுவா, சுபாவமா, இல்லை இந்தத் தொழில் எல்லோரையும் இப்படித்தான் ஆக்கிவிடுமா? என் ரூம்மேட் படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

---

தாமிரபரணி எழுதியது:

தங்கச்சி, நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நீங்கள் "குட் மார்னிங்" சொல்லும் நேரத்தில் அந்த சிஸ்டரின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்கிறேன்.

நைட் டூட்டி சிஸ்டரிடம் ஓவர் வாங்க வேண்டும், அதாவது நோயாளிகளின் நிலையைக் கேட்டுப் பொறுப்பை ஏற்க வேண்டும். யாருக்கு யூரின் குறைந்தது, யாருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், யார் காலையில் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று எல்லாம் காதில் வாங்கி மனதில் ஏற்ற வேண்டும். எமர்ஜென்சி டிராலியில் மருந்து சரியாக இருக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாடு வருவதற்குள் இன்சுலின். லேப் ஆள் வருவதற்குள் சாம்பிள். சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாக் கேஸ் ஷீட்டும் அந்தந்தப் பெட்டில் இருக்க வேண்டும். பார்மசிக்கு இன்டென்ட் (தேவையான மருந்துப் பட்டியல்), டயட் கணக்கு, டிஸ்சார்ஜ் என்று வரிசையாக நிற்கும். இதற்கிடையே நோயாளிக்குத் துணையாக இருக்கும் நான்கு அட்டெண்டர்கள் "டிரிப் முடிஞ்சிடுச்சு சிஸ்டர்" என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் வெள்ளை யூனிஃபார்மில் நீங்கள் இருபது பேர் உள்ளே வருகிறீர்கள். பி.பி. கருவி ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

போதனா மருத்துவமனை பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5-க்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. நீங்கள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். போஸ்டிங் வார்டில் எத்தனை பெட், எத்தனை சிஸ்டர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தரையில் பாய் விரித்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்னொன்று. 2015-இல் தேர்வு எழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவர் அதே வேலையைச் செய்து பல மடங்கு சம்பளம் வாங்கும்போது, வருடக்கணக்கில் அந்தக் கசப்போடு வேலை பார்த்தவர்கள் உங்கள் வார்டிலும் இருப்பார்கள். அந்த முகம் உங்களால் வந்தது இல்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. அப்பாவுக்காக வார்டுகளில் பல இரவு தங்கியவன், மனைவியின் பிரசவத்துக்காக வாசலில் நின்றவன். தாமிரபரணி சிஸ்டர் சொன்ன கஷ்டம் எதையும் மறுக்கவில்லை. சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது அநியாயம்தான்.

ஆனால் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அவ்வளவு நெருக்கடியிலும் சீஃப் டாக்டர் வந்தால் அந்த சிஸ்டரின் குரல் மாறுகிறது. கவுன்சிலர் சொல்லி அனுப்பிய நோயாளியிடம் குரல் மாறுகிறது. கைநாட்டு வைக்கும் என் பக்கத்துப் பெட் அம்மாவிடம் மட்டும், "எத்தனை தடவ சொல்றது, காது கேக்காதா?" என்று வருகிறது. களைப்பு என்றால் எல்லோரிடமும் ஒரே மாதிரித்தானே தெரிய வேண்டும்? லேபர் வார்டில் என் மனைவி கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வலியில் கத்திய ஒரு பெண்ணிடம் அப்படிப் பேசினார்கள். அதை வேலைப் பளு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மாணவிகள் இதையும் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

---

தாமிரபரணி எழுதியது:

காவிரிக்கரை அண்ணா, நீங்கள் சொன்னதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அது நடக்கிறது. கோபம் மேலே போகாது, கீழேதான் இறங்கும். சீஃப் அசிஸ்டென்டைத் திட்டுவார், அசிஸ்டென்ட் சிஸ்டரை, சிஸ்டர் ஸ்டூடண்டையும் ஆயாம்மாவையும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஏழை அட்டெண்டரை. இதற்குச் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

லேபர் ரூமில் மட்டும் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் தாய் களைத்துப்போய் முக்காமல் விட்டால் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கலாம். அப்போது சத்தமாகத்தான் சொல்வோம், அதட்டவும் செய்வோம். அது வேறு. ஒரு பெண்ணின் உடம்பையும் தாம்பத்தியத்தையும் இழுத்துக் கேவலமாகப் பேசுவது வேறு. இரண்டாவதற்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூடவே இருக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2004-இலேயே கொண்டு வந்தார்கள். 2017-இல் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டத்திலும் மரியாதையோடு பிரசவம் பார்ப்பது ஒரு நிபந்தனை. நான் பார்த்தவரை, துணைக்கு ஆள் உள்ளே நிற்கும் இடத்தில் பேச்சு தானாகவே நாகரிகமாகிவிடுகிறது. அந்தத் தாய்க்கும் தைரியம் வருகிறது, எங்களுக்கும் ஒரு கை கூடுகிறது.

---

நேர்படப்பேசு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலத்து நர்ஸுகளிடம் இருந்த சேவை மனப்பான்மை இப்போது இல்லை. வெளிநாட்டு விசாவுக்காகப் படிக்க வருகிறவர்கள்தான் அதிகம். மனம் இல்லாமல் வந்தால் முகம் எப்படி மலரும்?

---

பழைய_கண்காணிப்பாளர் எழுதியது:

நான் நர்சிங் சூப்பிரண்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். நாங்களும் திட்டு வாங்கினோம், எங்களுக்கு மேலே இருந்தவர்கள் இன்னும் அதிகம் வாங்கினார்கள். ஹாஸ்டல் வார்டனும் மேட்ரனும் ஒருவராகவே இருந்த நாட்களில் தொப்பி கோணலாக இருந்தால்கூட வார்டு நடுவில் நிறுத்திவைப்பார்கள். அதை ஒழுக்கம் என்றார்கள். பழைய காலம் பொன்னான காலம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிநாடு போக நினைப்பதிலும் எந்தத் தவறும் இல்லை. கடனை அடைக்க வேண்டிய பிள்ளை வேறு என்ன செய்யும்?

வெண்பனி, நீ கேட்டது சுபாவமா பளுவா என்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பர்ன்அவுட் என்பார்கள், வேலையாலேயே மனம் எரிந்து ஓய்ந்துபோவது. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981-இல் இதை அளக்க ஒரு வினாத்தாள் தயாரித்தார். மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, தான் செய்யும் வேலைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இந்த நிலையைச் சேர்த்தபோது, நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தோடு சேர்ந்த நிகழ்வு என்றது. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. சரிசெய்ய வேண்டியது அந்த நர்ஸை மட்டும் இல்லை, டூட்டி சார்ட்டையும்தான் என்று அதற்குப் பொருள்.

டூட்டி சார்ட் போடும் இடத்தில் பல வருடம் இருந்திருக்கிறேன். ஒரு சிஸ்டர் திடீரென்று எரிந்து விழ ஆரம்பித்தால் முதலில் அவளுடைய நைட் கணக்கைப் பார்ப்பேன். தொடர்ந்து நைட் போட்டு, நடுவில் ஆஃப் விடாமல், அடுத்த நாளே மார்னிங் போட்டிருப்பார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கும், மாமியார் படுக்கையில் இருப்பார். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறவள் தூங்கப் போகிறாள் என்றா நினைக்கிறீர்கள்? சமையல், பள்ளிக்கூட டிபன், துணி. மதியம் இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் பெரிது. அவளைக் கூப்பிட்டு அறிவுரை சொன்னால் அழுவாள், அவ்வளவுதான். நைட்டுகளைப் பிரித்துப் போட்டு, முழுசாக ஒரு ஆஃப் கொடுத்தால் பேச்சு மாறும். எல்லோருக்கும் மாறும் என்று சொல்லவில்லை. அதிகாரத்தை ருசி பார்த்துவிட்ட சிலருக்கு எந்த ஆஃபும் உதவாது. அவர்களை ஸ்டூடண்ட் வராத வார்டுக்கு மாற்றிவிடுவேன்.

---

லீட்ஸ்_செவிலி எழுதியது:

திருநெல்வேலிப் பக்கம் படித்து, சென்னையில் தனியாரில் வேலை பார்த்து, இப்போது இங்கிலாந்தில் என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) வார்டில் இருக்கிறேன். "பதினாலாம் பெட் சுகர்" என்று வெண்பனி எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது.

இசபெல் மென்சீஸ் என்பவர் லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையை ஆராய்ந்து 1960-இல் எழுதினார். மாணவச் செவிலியர் பயிற்சியே அங்கே சிக்கலில் இருந்தது. மூன்றில் ஒரு பங்குப் பேர் படிப்பை முடிக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள், அதிலும் நல்ல மாணவிகள் நிறையப் பேர். அங்கேயும் நோயாளிக்குப் பெயர் இல்லை, பத்தாம் பெட் கல்லீரல், பதினைந்தாம் பெட் நிமோனியா. மென்சீஸ் சொன்ன காரணம்: சாவையும் வலியையும் தினமும் தொட்டு வேலை செய்கிறவர்கள், ஒரு நோயாளியிடம் ஒட்டிவிடாமல் இருக்க வார்டே தன்னை அப்படி அமைத்துக்கொள்கிறது. ஒருத்தி எல்லோருக்கும் டெம்பரேச்சர், ஒருத்தி எல்லோருக்கும் பெட் மேக்கிங் என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால் யாருடைய கதையும் முழுதாகத் தெரியாது. மனம் வலிக்காது. ஆனால் அந்த ஏற்பாடு பதற்றத்தைத் தீர்க்கவில்லை, வேலையில் கிடைக்கிற நிறைவையும் சேர்த்துப் பறித்துவிட்டது என்றார். மேலே இருப்பவர்கள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களைப் பொறுப்பற்றவர்களாகப் பார்த்ததையும், கீழே உள்ளவர்கள் மேலே இருப்பவர்களைக் கொடியவர்களாகப் பார்த்ததையும்கூட எழுதியிருக்கிறார். உங்கள் வார்டைப் பார்த்து எழுதியது போல இல்லையா?

ஆள் எண்ணிக்கை பற்றி: 2002-இல் லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த நர்ஸ் பர்ன்அவுட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இது முகபாவப் பிரச்சினை மட்டும் இல்லை.

இங்கே மாணவர்களை வார்டு ஆள் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி. அவர்கள் கற்க வந்தவர்கள். பகலில் ஒரு நர்ஸுக்கு 8 நோயாளிக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்று 2014-இல் இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு எழுதியது. இங்கேயும் அந்த எட்டு பல நாள் மீறப்படுகிறது, இங்கேயும் முகம் சுளிக்கும் சிஸ்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஷிப்டின் தொடக்கத்திலேயே "இன்றைக்கு நீ என்னோடு" என்று ஒருவர் சொல்லிவிடுவார். மாணவி யாரைக் கேட்பது என்று வார்டு நடுவில் நிற்க மாட்டாள்.

---

கடைசி_ஆண்டு எழுதியது:

நான் பையன், நான்காம் ஆண்டு. லீட்ஸ் அக்கா கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் ஊரில் இல்லாதது. எங்களைக் கணக்கில் சேர்க்கிறார்களா இல்லையா என்றால், காகிதத்தில் இல்லை, நடப்பில் உண்டு. ஸ்ட்ரெச்சர் தள்ள, லேபுக்கு ஓட, ரத்த வங்கியில் வரிசையில் நிற்க, எல்லாவற்றுக்கும் "பிரதர், நீங்க போங்க". ஆண் என்பதால் தூக்குகிற வேலை கூடுதல். பெண்கள் வார்டில் புரொசீஜர் கற்க இடமும் குறைவு.

வெண்பனிக்கு ஒன்று. முதல் வருடம் எல்லா சிஸ்டரும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தார்கள். இப்போது வித்தியாசம் தெரிகிறது. ஒருவர் வாய் நிறையத் திட்டுவார், ஆனால் ஆள் இல்லாத நோயாளிக்குத் தன் டிபனிலிருந்து இட்லி கொடுப்பார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே இருப்பார், ஆனால் கூப்பிட்டால் எழுந்து வர மாட்டார். முகத்தை வைத்து எடைபோட முடியவில்லை. அதற்காகத் திட்டுவது சரி என்று சொல்லவில்லை. திட்டுகிற சிஸ்டரிடம் கேள்வி கேட்கப் பயந்து, தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்கிற பசங்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து கலக்கும் இடத்தில் அப்படி நடந்தால் யாருக்கு ஆபத்து?

எனக்குப் பயமாக இருப்பது வேறு. என் வகுப்பில் சிலர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இப்போதே அதே தொனியில் பேசுகிறார்கள். "கண்ணு இல்லையா" என்ற அதே வார்த்தைகள். கதீட்டர் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

---

பாடவேளை எழுதியது:

நர்சிங் கல்லூரியில் டியூட்டர். இவ்வளவு பேச்சிலும் எங்கள் பங்கு வரவில்லையே என்று பார்த்தேன்.

பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று விதி. பல கல்லூரிகளில் போஸ்டிங்குக்கு ஒரு சி.ஐ. (வார்டில் பயிற்சி தரும் கல்லூரி ஆசிரியர்) போவார், அவருக்கு மூன்று வார்டு. அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு, லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். வார்டு சிஸ்டருக்கு எங்கள் மாணவர்களைக் கற்பிக்கச் சம்பளமும் இல்லை, நேரமும் இல்லை, யாரும் அவர்களைக் கேட்டதும் இல்லை. தனியார் கல்லூரி மருத்துவமனைக்குக் கட்டணம் கட்டுகிறது, அதில் அந்த சிஸ்டருக்கு என்ன வருகிறது? பிறகு அவர் முகம் கொடுக்கவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம்.

வேலூர் சி.எம்.சி.யில் வேறு முறை. அங்கே நர்சிங் ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பிலும் இருக்கிறார்கள். பாடம் எடுப்பவரும் நோயாளிக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆள். 1946-இல் பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது. எல்லா இடத்திலும் அப்படி மாற்ற முடியுமா என்றால், அரசு அமைப்பில் மருத்துவமனை வேறு, கல்லூரி வேறு என்று பதவிகள் பிரிந்து கிடப்பதால் சுலபம் இல்லை. ஆனால் நம் மாணவர்கள் பார்க்கும் இடைவெளி இங்கேதான் பிறக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன். வகுப்பில் சொல்பவர் வார்டில் செய்துகாட்டுவதில்லை. செய்பவர் வகுப்புக்கு வருவதில்லை.

---

வெண்பனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரூம்மேட்டும் கூட உட்கார்ந்து வாசித்தாள். நிறையப் புரிந்தது. ஆனால் டூட்டி சார்ட்டும் சம்பளமும் எங்கள் கையில் இல்லை. நாளைக்குக் காலையில் அந்த வார்டுக்குள் போகும்போது நாங்கள் என்ன செய்யலாம்?

---

தாமிரபரணி எழுதியது:

ஓவர் நேரத்தில் எதையும் கேட்காதீர்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். உங்களுக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைக்கும். இருபது பேரும் கவுண்டரைச் சூழ்ந்து நிற்பதுதான் எங்களுக்குத் தலைவலி. ஒருவர் மட்டும் வந்து, "சிஸ்டர், நாங்கள் இத்தனை பேர், பி.பி., டெம்பரேச்சர் மாதிரி வைட்டல்ஸ் எல்லாம் எடுத்து எழுதிவிடுகிறோம், ஒன்றாம் பெட்டிலிருந்து பத்து வரை படுக்கைப் புண் வராமல் பெட் ஸோர் கேர் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள். எடுக்காத பி.பி.யை எடுத்த மாதிரி மட்டும் எழுதாதீர்கள். ஒருமுறை அது தெரிந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க எந்த சிஸ்டரும் உங்களை நம்ப மாட்டார். சந்தேகங்களை நோட்டில் வைத்திருந்து ரவுண்ட்ஸ் முடிந்து மூச்சு விடும் நேரத்தில் கேளுங்கள். அந்த லைன் போட்ட சிஸ்டரிடம், "அந்தப் பாட்டிக்கு நரம்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

---

பழைய_கண்காணிப்பாளர் எழுதியது:

அதோடு, நோயாளியின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். "பதினாலாம் பெட்" என்று சிஸ்டர் சொன்னால், "லட்சுமி அம்மாவா சிஸ்டர்?" என்று கேளுங்கள். மருந்தை ஆள் மாற்றிக் கொடுக்காமல் இருக்கவும் அதுதான் வழி. பெட் மாற்றிப் படுத்திருப்பார்கள், பெயர் மாறாது.

வெளியே தள்ளுவது, கையை ஓங்குவது, நோயாளி முன்னால் குடும்பத்தை இழுத்துப் பேசுவது என்று போனால் அது கண்டிப்பு இல்லை. தேதி, நேரம் எழுதி சி.ஐ. மூலமாக சூப்பிரண்டென்ட்டிடம் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருத்தியைத் தனியாகப் பழிவாங்க முடியாது.

---

காவிரிக்கரை எழுதியது:

எங்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. ஒரு நோயாளிக்கு ஐந்து பேர் உள்ளே நிற்போம், டிரிப் முடிய அரை மணி இருக்கும்போதே கூப்பிடுவோம், குடித்துவிட்டு வந்து சிஸ்டரிடம் கை நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்கினால் சிறை என்று 2008-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருப்பது வார்டில் யாருக்கும் தெரியாது. போர்டு மட்டும் தொங்கும். அது தெரிந்தும் பக்கத்துப் பெட் அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை.

---

பாடவேளை எழுதியது:

வெண்பனி, உங்கள் கல்லூரியில் போஸ்டிங் முடிந்ததும் மாணவர்கள் பார்த்ததைப் பேச நேரம் ஒதுக்குகிறார்களா? கேஸ் பிரசன்டேஷனைச் சொல்லவில்லை. மனதைப் பாதித்ததைப் பற்றி.

---

வெண்பனி எழுதியது:

இல்லை மேடம். இன்றைக்குத்தான் போய்க் கேட்டோம். சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் தரச் சம்மதித்தார்கள். லாக் புக்கில் அதற்கு இடம் இல்லை, மார்க்கும் கிடையாது, வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். என் ரூம்மேட்தான் முதலில் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறாள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரையும் கூப்பிடலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. அவர் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு அவர் வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

பாடவேளை எழுதியது:

முதல் வாரம் நீங்கள் மட்டும் பேசுங்கள். அடுத்த வாரம் அவரைக் கூப்பிடுங்கள், ஆனால் அவருடைய நைட் ஆஃப் நாளில் வேண்டாம்.